மதகு கேட்ட மணி

குடத்துள் ஓலையிட்டு அவைக்கு ஆள் தேர்ந்த முறைமையைக் கல்லில் எழுதி வைத்த உத்தரமேரூரினின்று ஆறு கல் தொலைவில், மானாம்பதி நோக்கிச் செல்லும் சாலையில் இடப்புறம் பிரிந்து, இருமருங்கும் பனைகள் வரிசையாய் நிற்க, வளைந்து வளைந்து செல்லும் வண்டித்தடம் ஒன்று சென்று முடியும் இடத்தில், அல்லியம்பாக்கம் என்னும் சிற்றூர் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, பங்குனித் திங்கள் பத்தாம் நாள், வியாழன். கீழ்வானின் செம்மை இன்னும் முழுதாய் வெளுக்காத அவ்வேளையில், முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப் போனமையால் அகன்ற வயிறு ஒட்டி நடுவில் மட்டும் நீர் தேங்கிக் கிடந்த பெரிய ஏரியின்மீது கொக்குகள் வந்திறங்கின. ஏரிக்கரையின் கீழே, கதிர் தலைகாட்டும் பருவத்து நவரை நெல், தாய் வரும் வழி பார்த்து நிற்கும் மகவைப் போல மதகின் திசை நோக்கி நின்றது. கரையை ஒட்டிய மேட்டில், ஓடு வேய்ந்த நான்கு அறைகளும் கூரை வேய்ந்த மூன்று கொட்டகைகளுமாய், அரசினர் உயர்நிலைப்பள்ளி அந்நாளின் முதல் ஒளியை ஏற்றுக்கொண்டிருந்தது.

அப்பள்ளியின் வரலாற்றைச் சிறிது கேட்டருள்க, கற்றோரே. அறுபத்து நான்காம் ஆண்டில் அது நடுநிலைப்பள்ளியாகத் தோன்றியபோது, ஊரார் தம் தோளில் சுமந்து வந்த பனங்கட்டைகளே அதற்கு விட்டம். ஏரி தூர்வாரிய வண்டலே அதற்குச் சுவர். எத்திராஜ் என்னும் பெருநிலக்காரரின் தந்தையார், வாலாசாபாத் நிலையத்தில் கழித்துப் போடப்பட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை விலைக்கு வாங்கித் தம் இரட்டைமாட்டு வண்டியில் ஏற்றி வந்து, மேட்டில் நின்ற புங்கமரத்தின் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். அதுவே மணி. எழுபத்தைந்தில் பள்ளி உயர்நிலையாய் வளர்ந்தது. இடம் போதாத வகுப்பு புங்க நிழலில் நடந்தது. பூ உதிரும் நாளில் மாணவர் தம் கணக்கேட்டின்மீது விழுந்த பூவை ஊதித் தள்ளியபின்னரே கணக்குப் போட்டனர். நான்கு சிற்றூர்களிலிருந்து வரப்பு வழியே நடந்து வரும் பிள்ளைகள், மழை நாளில் புத்தகப் பையைத் தலையிலும் செருப்பைக் கையிலும் சுமந்து வந்தனர். தொலைவில் வரும்போதே மணி ஒலித்துவிட்டால், "ஆண்டாளம்மா கூப்ட்டுட்டாங்கடா!" என்று அலறிக்கொண்டு ஓடி வருவர்.

அந்த ஆண்டாளம்மாள்தான் இக்கதைக்கு உரியவள். இருபத்தாறு அகவையில் கணவனை இழந்து, பள்ளிச் சுவர் எழும்பிய காலத்தில் மண் சுமக்க வந்தவள். சுவர் எழும்பிய பின் தண்ணீர் சுமக்க நின்றவள். தண்ணீர் சுமந்தவாறே சுவரில் மாட்டிய மணிப்பொறியின் பெரிய முள்ளையும் சிறிய முள்ளையும் படிக்கக் கற்று, மணியடிக்கும் வேலைக்கு உயர்ந்தவள். எழுத்தென்று அவள் அறிந்தது தன் பெயரை மட்டுமே. ஆயினும் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மணித்துளி முந்தியோ பிந்தியோ அவள் கை அத்தண்டவாளத்தில் பட்டதில்லை. மண்சட்டி சுமந்து தலைமயிர் தேய்ந்து போயிருக்க வேண்டிய தனக்கு, ஊரே செவிசாய்க்கும் ஒலி ஒன்றைக் கையில் கொடுத்த இடம் என்று, காலையில் கூட்டுமுன் பள்ளியின் வாயிற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவள் வழக்கம்.

ஊரே செவிசாய்க்கும் என்றது வெறும் புகழுரை அன்று. பள்ளி தோன்றிய மறு ஆண்டு, ஏரி நீரைப் பங்கிடுவதில் நிழலளந்து சண்டை, அடியளந்து சண்டை, மண்டை உடையும்வரை சண்டை என்றாகிவிட்டபோது, ஊரவை கூடி ஒரு கட்டுப்பாடு செய்தது. பள்ளியில் ஒரு பாடவேளை நாற்பத்தைந்து மணித்துளி. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடைப்பட்ட அவ்வேளையே ஒருவர் வயலுக்கு உரிய நீர்முறை. மணி ஒலித்தால் மதகுக்காரர் வாய்க்காலின் வாயை அடைத்து அடுத்தவர் வயலுக்குத் திருப்புவார். ஒலிக்காவிட்டால் திருப்பமாட்டார். போன முறை போனதே, மீண்டும் கேட்கலாகாது. எட்டு நாளைக்கு ஒருமுறை சுற்று திரும்பி வரும். பிள்ளைகளுக்கு விடுமுறையான ஞாயிறு ஏரிக்கும் விடுமுறை. இக்கட்டுப்பாடு வந்த நாள்தொட்டு அல்லியம்பாக்கத்தில் தண்ணீருக்காக ஒரு மண்டையும் உடைந்ததில்லை. மதகுக்காரரான சுப்பிரமணி, சொன்ன சொல்லை விட அடித்த மணியை நம்புகின்றவர், வயல்காரர் எவர் வந்து கெஞ்சினாலும், "எங்கிட்ட இன்னாத்துக்கு கேக்கற? மரத்தாண்ட போய் கேளு" என்று புங்கமரத்தைக் காட்டிவிடுவார்.

அவ்வாண்டு பள்ளிக்குப் பெரும்பேறு ஒன்று வாய்த்திருந்தது. அதுவரை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத உத்தரமேரூருக்கே செல்ல வேண்டும். ஆண்பிள்ளைகள் மிதிவண்டியில் இருவர் மூவராய்த் தொற்றிச் சென்றனர். பெண்பிள்ளைகளையோ பெற்றோர் அனுப்பவில்லை. முந்தைய ஆண்டு பத்தாவது படித்த ஒன்பது பெண்களுள் தேர்வெழுதியவர் இருவரே. ஏனை எழுவரின் படிப்பு, பூத்துக் காய்க்காத முருங்கையாய் முடிந்தது. ஆண்டுதோறும் இதையே கண்டு நெஞ்சம் நொந்த தலைமையாசிரியர் லோகநாதன், கல்வி அலுவலகத்துக்கு ஈராண்டில் இருபத்தேழு மடல்கள் எழுதினார். ஒவ்வொன்றிலும் முந்தைய மடலின் எண்ணையும் நாளையும் தவறாது குறித்தார். இருபத்தெட்டாவது எழுத அமர்ந்த அன்று, அல்லியம்பாக்கம் தேர்வு மையமாகும் என்னும் ஆணை வந்தது. இவ்வாண்டு பதினொரு பெண்கள் எழுதவிருந்தனர். அவர்களுள் ஒருத்தி பார்வதி. அரைக்காணி நிலத்தை மட்டுமே நம்பி வாழும் பஞ்சாட்சரத்தின் ஒரே மகள். "நம்ம ஊர்லியே நடக்குதுன்னா எய்தட்டும், உத்தரமேரூரு போவணும்னா வோணாம்" என்று முன்பே சொல்லியிருந்தவர் அவர். ஆணையில் கடைசி வரி ஒன்று இருந்தது: தேர்வின்போது வளாகத்தின் அருகே கூச்சல் குழப்பம் நேருமாயின் மையம் திரும்பப் பெறப்படும்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு லோகநாதன் ஆண்டாளம்மாளை அழைத்து, "தேர்வு மணி வேற மாதிரி அடிக்கணும், அம்மா. ஒன்பதே முக்காலுக்கு ஒண்ணு; பத்துக்கு ஒண்ணு; வினாத்தாள் குடுக்கப் பத்து பத்துக்கு; எழுத ஆரம்பிக்கப் பத்தே காலுக்கு; அப்புறம் முடியற பன்னெண்டே முக்காலுக்குத்தான். மதகுல சொல்லிடுங்க" என்றார். "சரிங்க சார்" என்றாள் அவள். அதன்பின் பலகைகளைக் கழுவினாள். சுண்ணக்கட்டியால் இருக்கை எண்களை எழுதச் சொல்லி மாணவரைப் பிடித்து நிறுத்தினாள். சாளரங்களின் ஒட்டடை அடித்தாள். இரண்டு பானை நீர் கூடுதலாய்ச் சுமந்தாள். மதகுக்குச் செல்ல மறந்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் செய்த பிழை அது ஒன்றே.

வியாழன் காலை ஒன்பதே முக்காலுக்கு மணி ஒலித்தது. சுப்பிரமணி மதகைத் தூக்கி, அன்றைய முதல் முறைக்குரிய செங்கேணியம்மாளின் வயலுக்கு நீரைத் திருப்பினார். கால்வாசி நனையுமுன் பத்து மணி ஒலித்தது. சற்றே திகைத்த சுப்பிரமணி, மணியை ஐயுறுவது தம் வேலையன்று என்று தெளிந்து, கோபாலின் வயலுக்குத் திருப்பினார். பத்து மணித்துளி சென்று மீண்டும் ஒலித்தது. பஞ்சாட்சரத்தின் வயலுக்குத் திருப்பினார். ஐந்தே மணித்துளியில் மீண்டும் ஒலித்தது. வாய்க்காலின் நுரை இன்னும் பஞ்சாட்சரத்தின் முதற்பாத்தியைக் கூடத் தாண்டவில்லை. நீர் எத்திராஜின் வயலுக்கு மாறிவிட்டது. அதன்பின் மணி ஒலிக்கவேயில்லை. அரைமணி சென்றது, ஒரு மணி சென்றது. எத்திராஜின் வயல் குடித்தது, நிறைந்தது, வரப்பின் விளிம்பைத் தொட்டது. மற்றையோர் இதோ ஒலிக்கும், அதோ ஒலிக்கும் என்று புங்கமரத்தையே நோக்கியிருந்து, பொறுமை கடந்து, பதினொன்றரை மணிக்கு மண்வெட்டியும் கையுமாய் மேடேறினர். அவர்கள் எங்கே செல்கின்றனர் என்று பார்க்க எத்திராஜும் பின்னே வந்தார்.

ஆசிரியர் அனைவரும் தேர்வறைகளுள் இருந்தனர். வாயிலில் ஆண்டாளம்மாள் ஒருத்தியே நின்றாள். தோளில் மண்வெட்டிகளோடு வரும் கூட்டத்தைக் கண்ட கணமே, நெருப்பை மிதித்தவளைப் போல அவளுக்கு மதகின் நினைவு வந்தது.

"இன்னாம்மா ஆண்டாளு! மணி அடிக்கிறியா, இல்ல வெளயாட்டு காட்றியா?" என்று கோபால் கூவ வாயெடுக்க, அவள் இரு கைகளையும் விரித்து ஓடிவந்து வழிமறித்தாள்.

"மெல்ல, மெல்ல! உள்ளாற புள்ளைங்க எய்திக்கினு கீது. நீ கத்தினா இன்னிக்கோட மையம் பூடும். பதினோரு பொண்ணுங்க தலையில மண்ணு வுயும். இன்னா கேக்கறதா இருந்தாலும் காதுல கேளு, சாமி!"

அதன்பின் அங்கே நடந்த சண்டையைப் போல ஒரு சண்டையை அல்லியம்பாக்கம் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கண்கள் சிவந்தன, நரம்புகள் புடைத்தன, மண்வெட்டிகள் தரையில் ஊன்றின, ஆயினும் குரல் மட்டும் கோயிற் கருவறையில் பேசுவாரைப் போல அடங்கியே வந்தது.

"எனக்கு கா மணி நேரம், இவனுக்கு பத்து நிமிசம்," என்று கிசுகிசுத்தாள் செங்கேணியம்மாள். "பாவம், பஞ்சாட்சரத்துக்கு கோயில்ல குடுக்கற தீர்த்தமாட்டம் அஞ்சு நிமிசம்! எத்திராஜுக்கு மட்டும் ஏரியே கவுந்துக்குச்சா?"

"மெல்லவே கேக்கறேன்," என்றான் கோபால் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவரு வூட்டு நெல்லு எத்தினி மூட்டை உன் வூட்டுக்கு வந்துச்சி?"

எத்திராஜின் முகம் கறுத்தது. "டேய், இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்லு!"

"காது கேக்கலியா?"

"கேக்கற மாதிரி சத்தமா சொல்லுடா!"

"சத்தமா சொல்லக்கூடாதாமே!"

ஆண்டாளம்மாள் இருவர்க்கும் இடையே புகுந்தாள். "நெல்லும் வர்ல, புல்லும் வர்ல. சார் மூணு நாளு முன்னாடியே மதகுல சொல்லச் சொன்னாரு. நான் மறந்துட்டேன். தப்பு என்னுது. சாரும் இல்ல, சுப்பிரமணியும் இல்ல, நான்தான். எதுனா பண்றதா இருந்தா என்னிய பண்ணுங்க."

எத்திராஜோ கோபாலைப் பார்த்தபடியே சொன்னார்: "நெல்லு குடுத்து தண்ணி வாங்கற வம்சமா நானு? இந்த மணிய வண்டில ஏத்திக்கினு வந்தது எங்க நைனா. கேட்டிருந்தா இந்த நேரத்துக்கே மடைய தொறந்து வுட்டிருப்பேன். இப்ப வுட்டா நீ சொன்னது நெசம்னு ஆவும். போன மணி போனதுதான். உங்க பெரியவங்க போட்ட கட்டுதானே? போங்கடா." துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு மேட்டினின்று இறங்கிப் போனார்.

பஞ்சாட்சரம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் நின்ற இடத்தினின்று நேர் எதிரே சாளரம். சாளரத்துக்குள் மூன்றாம் பலகையில் பார்வதி, எண்ணெய் வைத்து வாரிய தலை தாழ்ந்து, வலக்கை ஏட்டின்மீது ஓடிக்கொண்டேயிருக்க, ஒரு கணம் நிமிர்ந்து எழுதுகோலைக் கன்னத்தில் தட்டி எண்ணி, மீண்டும் குனிந்தாள். தம் வீட்டில் நீர் சேந்தும் அதே கை, தாம் ஒருநாளும் எழுதியறியாத ஒன்றை இத்துணை விரைவாய் எழுதுவதைக் கண்டு அவர் மலைத்துப்போய் நின்றார். பின்பு கோபாலின் தோளைத் தொட்டார். "வா, போலாம். பொண்ணு எய்திக்கினு கீது" என்று சொல்லி, ஆண்டாளம்மாளின் முகத்தை ஏறிட்டும் பாராமல் நடந்தார். ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஏசாமல் போனதே, ஆறாத தீப்புண்ணாய் அவள் நெஞ்சில் நின்றது. இன்னும் எட்டு நாள். கதிர் வெளிவரும் நெல் எட்டு நாள் நீரின்றி நிற்குமா என்பதைப் பிறந்தது முதல் வயலோரம் வாழ்ந்தவளுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டே முக்கால் மணி அடித்து, தாள்கள் கட்டப்பட்டபின் அவள் லோகநாதனிடம் சென்றாள். "தப்பு என்னுதுன்னு எய்தி வாங்கிக்குங்க சார். கைநாட்டு இல்ல, பேரே போடறேன்" என்றாள். அவரோ, "இருபத்தேழு கடிதம் எழுதத் தெரிஞ்ச எனக்கு, மதகு வரைக்கும் நூறு அடி நடக்கத் தெரியலையே அம்மா" என்று மட்டும் சொல்லி எழுந்தார். அன்று மாலை இருவரும் மதகுக்கு நடந்தனர். ஊரார் கூடினர், எத்திராஜ் வரவில்லை. தேர்வு நடக்கும் நாள்களில் பன்னிரண்டே முக்கால் வரை மதகு மூடியிருக்கும் என்றும், இழந்த காலை முறைகளுக்கு ஈடாக, ஒரு மணி தொடங்கிப் பொழுது சாயும்வரை ஆண்டாளம்மாள் பள்ளி முடிந்தபின்னும் இருந்து மணியடிப்பாள் என்றும் முடிவாயிற்று. பஞ்சாட்சரத்துக்கு என்ன ஈடு என்று எவரும் கேட்கவில்லை.

இடைப்பட்ட ஞாயிறு நீங்கலாக, நாள்தோறும் அவள் பொழுது சாயும்வரை மரத்தடியில் இருந்தாள். பிள்ளைகள் வீடேகிய பின் வெறுமையாய்க் கிடந்த முற்றத்தில் நாற்பத்தைந்து மணித்துளிக்கு ஒருமுறை எழுந்து நின்று அடித்தாள். பஞ்சாட்சரத்தின் வயல் அங்கிருந்தே தெரியும். நாலாம் நாள் நிலம் வெளுத்தது. ஆறாம் நாள் விரிசல் விட்டது. இலை நுனிகள் ஊசிபோல் சுருண்டன. ஒவ்வொரு தேர்வு நாள் காலையிலும் பார்வதி தேர்வறைக்குள் நுழையும்போது, "நல்லா எய்துமா" என்பாள் ஆண்டாளம்மாள். "சரிம்மா" என்பாள் பார்வதி.

எட்டாம் நாள் வந்தது. கடைசித் தேர்வு முடிந்தது. மை படிந்த விரல்களோடு பிள்ளைகள் ஆரவாரித்து வெளியே ஓடினர். ஒருவன் தன் மையை மற்றவன் சட்டையில் தெளித்தான். பார்வதி வீட்டுக்குச் செல்லாமல் நேரே வயலுக்குச் சென்றாள். ஒரு மணிக்கு மதகு திறந்தது. செங்கேணியம்மாள் முறை, கோபால் முறை என நகர்ந்து, இரண்டரை மணிக்குப் பஞ்சாட்சரத்தின் மடை திறந்தது. நிலம் பிளந்திருந்தமையால் நீர் முன்னே ஓடாமல் விரிசல்களுக்குள்ளே இறங்கிற்று. மூன்று மணி ஆகியும் பாதி வயலே நனைந்திருந்தது. தந்தையும் மகளும் கைகளாலேயே நீரை முன்னே தள்ளுவது, மேட்டில் இருந்தவளுக்குத் தெரிந்தது.

மூன்று பத்து. ஆண்டாளம்மாள் இரும்புக்கோலைக் கையில் எடுத்தாள். அடுத்த முறை எத்திராஜினது. பத்து மணித்துளி பிந்தி அடித்தால் எவர் அறிவார்? மணிப்பொறி இருப்பது பள்ளியின் சுவரில். அதைப் பார்ப்பவள் அவளே. தன் மறதி பறித்ததைத் தன் கையே திருப்பிக் கொடுக்கலாம். வயல் முழுதும் நனைந்துவிடும். ஆயின், ஒருமுறை இரக்கத்துக்கு வளைந்த மணி மறுமுறை அச்சத்துக்கு வளையாதா? நெல் மூட்டை வாங்கினாயோ என்று கேட்ட வாய்க்கு, இல்லை என்று இனி எதைக் கொண்டு சொல்வது? மண் சுமந்தவளை நம்பி ஊர் தன் தண்ணீரையே ஒப்படைத்த நம்பிக்கை அன்றோ அந்தக் கோல்? அவள் கண்கள் நிறைந்து முள்கள் மங்கின. முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றே கால். அடித்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் அத்துணைக் கனமாய் அக்கோல் அவள் கையில் இருந்ததில்லை.

சுப்பிரமணி மண்வெட்டியோடு எழுந்து வாய்க்காலில் இறங்கினார். அங்கே எத்திராஜ் குறுக்கே நின்றிருந்தார்.

"மணி அட்ச்சிடுச்சிங்க," என்றார் சுப்பிரமணி.

"கேட்டுச்சி. நான் இன்னா செவுடா?"

"திருப்பணுமே!"

"திருப்பாத. இப்ப இது என் மொறைதானே? என் மொறைத் தண்ணி எந்த வயல்ல ஓடணும்னு நான் சொல்லணும். பஞ்சாட்சரத்து வயல்லியே ஓடட்டும். போன வாரம் என் வயலு ஊருத் தண்ணிய குடிச்சிட்டு இன்னும் ஈரம் காயாம கீது."

பஞ்சாட்சரம் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். "இன்னாத்துக்குங்க..." என்று தொடங்கினார்.

"அன்னிக்கே குடுத்திருப்பேன்யா. அந்தக் கோபாலு வாயி சும்மா இருந்திருந்தா," என்று எத்திராஜ் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டார். பின்பு வரப்பில் நின்ற பார்வதியை நோக்கி, "இன்னாம்மா, பரீட்ச நல்லா எய்தினியா? பெயிலு ஆனன்னா தண்ணிய திருப்பி வாங்கிக்குவேன், பாத்துக்க!" என்றார். அவள் சிரித்தாள். அருகில் நின்ற கோபால் தலையைச் சொறிந்துகொண்டு, எவரும் கேளாமலே மண்வெட்டியை எடுத்து, வாய்க்காலில் கசிந்த இடத்தை அடைத்தான்.

நூறடிக்கு அப்பால் மரத்தடியில் நின்று இவை அனைத்தையும் கண்ட ஆண்டாளம்மாள், நீர் கடைசிப் பாத்தியின் மூலையைத் தொட்டு மின்னும்வரை பார்த்திருந்தாள். நான்கு மணிக்கு அடுத்த மணியை அடித்தாள். அது, முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

பஞ்சாட்சரத்தின் நெல் முன்போல் விளையாவிடினும் பதராகாமல் வீடு வந்தது. வைகாசியின் முடிவில் தேர்வு முடிவுகள் வந்தபோது, பதினொரு பெண்களுள் ஒன்பதின்மர் தேறியிருந்தனர்; பார்வதி கணக்கில் தொண்ணூற்றொன்று. எத்திராஜ் தண்ணீரைத் திருப்பிக் கேட்கவில்லை. மறு ஆண்டு பதினேழு பெண்கள் எழுதினர். பெற்றோர் எவரும் எழுதலாமா கூடாதா என்று பேசிய செய்தி லோகநாதனின் செவிக்கு எட்டவில்லை. பொதுத்தேர்வு நாள்களில் முற்பகலில் மதகு மூடியிருத்தல் ஊர்க்கட்டுப்பாட்டில் மேலும் ஒரு கட்டுப்பாடாய்ச் சேர்ந்துகொண்டது. பிறர் சொல்லாமலே அது நடந்துவருகின்றது.

ஆயினும் ஆண்டுதோறும், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, பலகை கழுவுமுன்பே, ஆண்டாளம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேட்டிறங்கி மதகுக்குச் செல்வாள். "இன்னும் மூணு நாள்ல பரீட்ச மணி" என்பாள். "தெரியும்மா. ஊருக்கே தெரியும். வருசா வருசம் இதுக்கொரு நட நடந்துக்கினு" என்பார் சுப்பிரமணி. "தெரியட்டும். சொல்லிட்டுப் போறேன்" என்பாள் அவள். திரும்பி மேடேறும்போது, பசுமை அசையும் அரைக்காணியை ஒருமுறை பார்ப்பாள். வாயிற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பின்பு பலகைகளைக் கழுவத் தொடங்குவாள். பெற்ற நன்மைக்குச் சொல்லால் நன்றி கூறுவோர் உளர். பொருளால் கூறுவோரும் உளர். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை ஒரு மணித்துளியும் வழுவாது காத்தே நன்றி கூறியவள் அவள். அந்நன்றியின் ஒலி, ஏரிக்கரை எங்கும் நாற்பத்தைந்து மணித்துளிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டேயிருந்தது.